சிரிப்பு நாடகத்துக்கு ஏழு தையல்

எண்பதுகளில் குமாரபாளையத்தில் என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் ஒரே விசைத்தறியை ஷிப்ட் மாற்றி ஓட்டினார்கள். டிவியில் வாராவாரம் வரும் சிரிப்பு நாடகத்தை ஒரு வாரம் இவர் பார்ப்பார், மறு வாரம் அவர்.

"நாடகத்துல அந்தாளுக்கு ஆபீஸ் வேலை போயிருச்சுங்கண்ணா" என்றார் கொழுந்தனார்.

அடுத்த வாரம் இவர் பார்த்தால், அந்த ஆள் அதே ஆபீசில் உட்கார்ந்திருக்கிறான்!

"ஏண்டா, பொய்யா சொல்றே?"

தறியில் குறுக்கு நூலைக் கொண்டு ஓடும், இரும்பு மூக்கு வைத்த நாடாக் கட்டையால் தம்பி மண்டையைப் பிளந்துவிட்டார். தறியில் பூட்டியிருந்த பாவு நூல் முழுக்க ரத்தம். ஏழு தையல். அன்றோடு பேச்சும் அறுந்தது.

இன்று பேத்தி சொல்கிறாள்: "அந்த மாதிரி நாடகத்துல வாராவாரம் கதை புதுசா ஆரம்பிக்கும் அம்மாயி, போன வாரம் நடந்தது கணக்குல வராது."

"போய் மன்னிப்புக் கேளுங்க" என்றேன் இவரிடம்.

"அவன் திருப்பி அடிச்சா?"

"வாங்கிக்குங்க."

நான் சொன்னது தப்பா? நீங்களே சொல்லுங்கள்.