மைதானத்துக்கு இறங்கும் படிகள்

கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால் மாப்பிள்ளையையும் பெண்ணையும் நான் அப்புறம்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது வாசலை. எத்தனை வாசல், கதவு உள்ளே திறக்கிறதா வெளியே திறக்கிறதா, பந்தி முடிந்து எழும் கூட்டம் எந்தப் பக்கம் நகரும் என்றெல்லாம் பார்த்து வைத்த பிறகுதான் உட்காருவேன். அதுவும் ஓரத்து நாற்காலியில். "டீச்சருக்கு எப்பவும் பாதி சாப்பாட்டுல ஓடுற அவசரம்" என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். அவர்கள் யாரும் அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் படிகளில் நிற்கவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. அப்புத்தளையிலிருந்து ஹல்துமுல்லைப் பக்கம் சரியும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பள்ளிக்கூடம் நடத்தினேன். ஒரே கட்டடம், ஒரே ஆசிரியை, ஐந்து வகுப்பு. எனக்கு இருபத்தாறு வயது. எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பும் அந்த வயதுக்கு உரிய அளவைவிடக் கொஞ்சம் கூடவே இருந்தது.

தோட்டத்து வாலிபர் மன்றம் கொழும்பிலிருந்து ஒரு பாட்டுக்குழுவை அழைத்திருந்தது. ரேடியோவில் பாடுகிற ஆள் நேரில் வருகிறார் என்றதும் சனத்துக்குத் தலைகால் புரியவில்லை. மன்றத் தலைவர் தோட்டத்து லொறி டிரைவர். பெண்கள் பக்கம் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வேண்டுமென்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். மேடைக்கு ஆள் போட்டோம், மாலைக்கு ஆள் போட்டோம், பாட்டுக்காரர்களுக்குத் தேநீர் வைக்க ஆள் போட்டோம். படிக்கு ஆள் போட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அந்த மைதானம் மலையை வெட்டி எடுத்த இடம். மேலே தார் ரோட்டும் ஒரு தேநீர்க் கடையும். ரோட்டிலிருந்து மைதானத்துக்கு இறங்கக் கருங்கல் படிகள், முப்பதுக்கு மேல் இருக்கும். இரண்டு பேர் தோளுரசி இறங்கலாம், மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. ஒரு பக்கம் மண் சரியாமல் கட்டிய ஆளுயரக் கல்லணை, மறு பக்கம் தேயிலைச் சரிவு. படிகள் முடிகிற இடத்தில் ஒரு மரக் கேட்டு. ஆணையும் பெண்ணையும் பிரித்து உட்கார வைக்க வசதியாக, அன்று அதில் ஒரு கதவை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். லொறி இறங்குகிற அகலமான பாதை ஒன்றும் அந்தப் பக்கம் உண்டு. அதில் தோட்டத்து மேலாளரான துரையின் கார் வர வேண்டுமென்று கயிறு கட்டி மறித்திருந்தார்கள். எனக்கு அது ரொம்ப முறையாகத்தான் பட்டது.

அன்று என் பொறுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். இரண்டாம் வகுப்பு. அவளுக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை, அதனால் தாய் அவளைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தாள். தேநீர் வைக்கிற வேலை அந்தத் தாய்க்குத்தான் போடப்பட்டிருந்தது. மகளின் கையை என் கையில் பிடித்துக் கொடுத்து, "அடுப்பு வேல டீச்சர், ஒங்க கூடவே வச்சுக்குங்க. ஒங்க கூடன்னா எனக்குப் பயமில்ல" என்றாள்.

படிகளின் அடியில், கேட்டுக் கம்பத்தை ஒட்டி, மழைநீர் வடியும் கானை மூடிய ஒரு கல் பலகை இருந்தது. அதில் அவளை உட்கார வைத்தேன். மேடை நேராகத் தெரியும், எனக்கும் கண்டுபிடிக்க லேசு. "நான் வர்ற வரைக்கும் இங்கயே இரி. எந்திரிக்கக் கூடாது" என்று வகுப்பில் சொல்வதுபோல் விரலை ஆட்டிச் சொல்லிவிட்டு மேலே ஏறினேன்.

மேலே வந்து பார்த்தால் எனக்குத் தலை சுற்றியது. எங்கள் தோட்டத்துச் சனம் மட்டும் வரும் என்று நினைத்திருந்தோம். சுற்றியிருந்த நாலைந்து தோட்டத்திலிருந்தும் ஆண், பெண், கைக்குழந்தை என்று நடந்தே வந்திருந்தார்கள். பாட்டுக்காரர்கள் வந்த வேனைச் சுற்றி ரோடு முழுக்கத் தலைகள். கீழே இறங்கத்தான் யாருக்கும் மனமில்லை. பாட்டுக்காரர்கள் எப்போதோ மேடைக்குப் போய்விட்டார்கள், இவர்கள் வெறும் வேனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பண்டாரவளையிலிருந்து வந்த மைக் செட்டு இயங்க மறுத்தது. அறிவிக்க வழியில்லை. மணி மூன்றைத் தாண்டிவிட்டது, பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறத் தொடங்கியிருந்தது.

"மூட்டம் மூடிருச்சின்னா மேடையே தெரியாது டீச்சர். தொண்டத்தண்ணி வத்தக் கத்திப் பாத்துட்டேன், ஒருத்தனும் அசைய மாட்டேங்கிறான்" என்று தலைவர் புலம்பினார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வந்தவுடன் என்னை நானே மெச்சிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

தோட்டத்தில் விடியுமுன் தப்பு அடித்துத்தான் ஆட்களை எழுப்புவார்கள். அந்தத் தோல் மேளத்தின் சத்தம் கேட்டதும் எல்லோரும் பெரட்டுக் களத்துக்கு ஓட வேண்டும். அங்கேதான் அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பார்கள். பிந்திப் போனால் வேலையில்லை, திரும்பிக் குடியிருக்கிற லயத்துக்கு நடக்க வேண்டியதுதான். கல்யாணத்துக்கு ஒரு அடி, சாமிக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி என்று தப்பில் பல அடிகள் உண்டு. தூக்கத்தில் கேட்டாலும் எது எதுவென்று சனத்துக்குத் தெரியும். பெரட்டு அடி கேட்டால் மூளைக்கு முன்னால் கால் எழுந்துவிடும்.

தப்படிக்கிறவர் துவைத்த சட்டையோடு கடையோரம் நின்றார். அவருடைய லயம் ரோட்டுக்கு மேலேதான். "அண்ணே, போய் தப்ப எடுத்துட்டு வாங்க. பெரட்டு அடி அடிங்க, எல்லாம் தன்னால எறங்கிரும்" என்றேன்.

அவர் தயங்கினார். "வேணாங்க டீச்சரம்மா. அந்த அடி அடிச்சா சனம் நிக்காதுங்க."

"நிக்க வேணாம்னுதான சொல்றேன்? ஓடி வரட்டும்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. போய் எடுத்து வந்தார். நான் பாதிப் படி இறங்கி, அங்கே நின்று பெண்களை வரிசைப்படுத்தலாம் என்று காத்திருந்தேன். ரோட்டோரத்து மேட்டில் ஏறி நின்று அவர் அடித்தார்.

முதலில் எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பெரட்டா என்று பெண்கள் சிரித்துக்கொண்டே சேலையைத் தூக்கிச் செருகி ஓடி வந்தார்கள். பத்துப் பேர், இருபது பேர். பிறகு எண்ண முடியவில்லை. ரோட்டில் நின்ற கூட்டம் மொத்தமும் அந்தப் படிகளின் வாய்க்குள் நுழைந்தது. என் முதுகில் யாரோ மோதினார்கள். திரும்பிக் கடிந்துகொள்ள வாயைத் திறந்தேன். திரும்ப முடியவில்லை. கல்லணையோடு ஒட்டி நசுங்கி நின்றேன். ஒரு செருப்பு போனது. பிறகு கால் படியிலேயே இல்லை, கூட்டம்தான் என்னைத் தூக்கி வைத்திருந்தது.

அந்த நேரம் பார்த்து மூட்டம் வந்து மூடியது. எனக்குக் கீழே நாலு படி தெரிந்தது, அதற்கப்பால் வெள்ளை. மேலேயும் வெள்ளை. மேலே இருப்பவர்களுக்குக் கீழே நடப்பது தெரியாது, கீழே இருப்பவர்களுக்கு மேலே எவ்வளவு பேர் என்று தெரியாது. சனம் இறங்கும் இரைச்சலைக் கேட்ட பாட்டுக்காரர்கள் மைக் இல்லாமலே வாசிக்கத் தொடங்கினார்கள். அக்கோடியன் சத்தம் காதில் விழுந்ததும், "ஆரம்பிச்சிட்டாங்க, ஆரம்பிச்சிட்டாங்க" என்று மேலேயிருந்து இன்னும் தள்ளினார்கள்.

கீழே கேட்டருகே யாரோ விழுந்திருக்க வேண்டும். முதலில் ஓர் அலறல் கேட்டது, பிறகு பல. பிறகு அலறல் குறைந்து மூச்சிழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அதுதான் என்னைக் குலைநடுங்க வைத்தது. கத்துகிறவர்களுக்குக் கத்த மூச்சில்லை. அந்தக் கேட்டுக் கம்பத்தை ஒட்டித்தான் பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து ஓடியிருப்பாள், மைதானத்துக்குள் தாயிடம் போயிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனம் நம்பவில்லை. அவள் என் வகுப்பிலேயே சொன்ன சொல் கேட்கிற பிள்ளை.

"அண்ணே, நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்க அண்ணே!" என்று மேட்டைப் பார்த்துக் கத்தினேன். தப்பு நின்றது. கூட்டம் நிற்கவில்லை. "பின்னுக்குப் போங்க" என்ற என் சத்தம் முன்னால் இருந்தவளின் கொண்டையைத் தாண்டியிருக்காது. ஐந்து வகுப்பையும் ஒரே அதட்டலில் அடக்குகிற தொண்டை அது.

அப்போது மறுபடியும் தப்பு கேட்டது. வேறு அடி. விட்டு விட்டு, நிதானமாக. லயத்தில் யாராவது இறந்துவிட்டால் அடிக்கிற அடி.

மேட்டில் நிற்கிற அவருக்கு மூட்டம் விலகிக் கீழே தெரிந்திருக்கிறது, பிள்ளை செத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டார், அதைத்தான் அறிவிக்கிறார் என்று நினைத்தேன். இத்தனை வருடத்தில் நான் பட்ட பயமெல்லாம் சேர்ந்தாலும் அந்த நொடிக்கு ஈடாகாது.

ஆனால் படியில் வேறொன்று நடந்தது. தள்ளிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். கைகள் வாய்க்குப் போயின. "யாரு? எந்த லயத்துல? யாரு போயிட்டது?" என்ற கேள்வி என் தலைக்கு மேல் படி படியாக ஏறிப் போனது. மேலே நின்றவர்கள் தப்புச் சத்தம் வந்த பக்கம் திரும்பி, ரோட்டுக்கு ஏறத் தொடங்கினார்கள். என் முதுகிலிருந்த பாரம் இறங்கியது. கால் மீண்டும் கல்லைத் தொட்டது. அவர் யாருக்கும் சாவு சொல்லவில்லை, கூட்டத்தை நிறுத்த அந்த ஒரு வழிதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

விழுந்து எழுந்து கீழே ஓடினேன். மூன்று பெண்கள் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தார்கள். இழுத்து விட்டதும் அழுதார்கள், அழுததே பெரிய ஆறுதல். அவர்களுக்கு அடியில் பிள்ளை இருந்தாள். இரண்டு கையாலும் கம்பத்தைக் கட்டிப் பிடித்திருந்தாள். ஒரு கால் பலகைக்கும் கேட்டுக்கும் நடுவில் மாட்டி, மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தாள்.

"எந்திரிக்கலாமா டீச்சர்?"

கயிற்றை அறுத்து, அந்த அகலமான பாதை வழியாக, அப்போதுதான் வந்து நின்ற துரையின் காரிலேயே அவளைக் கொண்டுபோனோம். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை தாய் என் தோளில் சாய்ந்துகொண்டே வந்தாள். மூச்சு வருகிறதா என்று நான் பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டே இருந்தேன். உயிருக்குப் பயமில்லை, கால்தான் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது தாய் என் காலைத் தொடக் குனிந்தாள். "நீங்க ஓடிப்போய் எடுக்கலன்னா எம்புள்ள எனக்கில்ல டீச்சர்" என்றாள். தப்பு அடிக்கச் சொன்னது யார் என்று அவளுக்குத் தெரியாது. சொல்ல வாயெடுத்தேன். நர்ஸ் வந்து எங்களை வெளியே போகச் சொன்னார். நல்லவேளை என்று நினைத்தேன்.

தோட்டத்துக்குத் திரும்பினால் அங்கே கதை வேறாக இருந்தது. நல்ல காரியத்தில் சாவுத் தப்பு அடித்ததால்தான் இந்த அபசகுனம் நடந்தது என்று லயத்துக்கு லயம் பேசினார்கள். அந்த அடியைக் கேட்டுத்தான் சனம் மிரண்டு விழுந்தது என்றார்கள். முன்னது பின்னது எல்லோருடைய நினைவிலும் மாறிப் போயிருந்தது. தப்படிக்கிறவர் குடித்திருந்தார் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். அவர் குடிக்கவில்லை. அவரோடு முகத்துக்கு நேரே நின்று பேசியவள் நான்.

மூன்றாம் நாள் காலை பெரட்டுக் களத்தில் துரை விசாரித்தார். உடுப்பு எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த தாயும் நின்றாள். "யாரு தப்பு அடிச்சது?" என்று துரை கேட்டார். தப்படிக்கிறவர் தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "நாந்தாங்க" என்றார். "யாரு சொல்லி அடிச்சே?" அவர் தரையைப் பார்த்தார். லொறி டிரைவரும் தரையைத்தான் பார்த்தார். இனித் தப்பைத் தொடக் கூடாது, இரண்டு வாரம் வேலை கிடையாது என்று துரை சொன்னார்.

நான் முன்னால் வந்தேன். "பெரட்டு அடி அடிக்கச் சொன்னது நான். அவர் வேணாம்னுதான் சொன்னார். மத்த அடி அடிச்சு கூட்டத்த நிப்பாட்டினதும் அவர்தான்" என்றேன்.

அப்போது அந்தத் தாய் அழுதுகொண்டே சொன்னாள்: "டீச்சர் எரக்கப்பட்டுச் சொல்றாங்கய்யா. எம்புள்ளயக் காப்பாத்துனவுங்க. அவுங்க மனசு அப்படி."

பெண்கள் ஆமாம் என்றார்கள். துரையின் முகம் கனிந்தது. "உங்களுக்கு நல்ல மனசு டீச்சர். நீங்க பள்ளிக்கூடத்துக்குப் போங்க" என்றார்.

தப்படிக்கிறவர் தரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். இன்னொரு தடவை உரக்கச் சொன்னால் போதும் என்று எனக்குத் தெரியும். தாய் என் கையைப் பிடித்திருந்தாள். சொன்னால் அந்தக் கை விலகிவிடும் என்பதும் தெரியும்.

நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.