சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவில் ஒரு சாண்

கல்யாணமாகிக் கருவடிக்குப்பத்துக்கு வந்த முதல் நாளே அந்த வீட்டில் நான் குறை கண்டுபிடித்துவிட்டேன். நாலு பக்கமும் செங்கல் சுவர், மேலே சிமெண்ட் ஷீட். ஆனால் சுவர் முடியும் இடத்துக்கும் ஷீட்டுக்கும் நடுவில் சுற்றிலும் ஒரு சாண் இடைவெளி. அதில் கோழிவலை அடித்திருந்தது. "வீடு கட்டத் தெரிஞ்சவருக்கு இத மூடத் தெரியலியா?" என்று கேட்டேன். "அது வீடு மூச்சு விடற எடம்" என்றார் என் வீட்டுக்காரர். புதுப் பெண்டாட்டியிடம் வசனம் பேசுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

அவர் பக்கத்திலேயே இருந்த மேட்டுப்பாளையத்தில் பிளாஸ்டிக் பக்கெட் செய்யும் கம்பெனியில் மிஷின் ஓட்டினார். லீவு நாட்களில் கொத்தனாரோடு கூடமாட நின்று அவரே கட்டிய வீடு அது. கம்பெனிக் கூரையின் மேல் வரிசையாகத் தகர உருண்டைகள் சுற்றிக்கொண்டே இருக்கும். பஸ்ஸில் போகும்போது கை நீட்டிக் காட்டுவார். மிஷின் கக்குகிற சூடெல்லாம் மேலே ஏறி அந்த உருண்டை வழியாக வெளியே போய்விடுமாம். அது போன இடத்தை நிரப்பக் கீழே ஜன்னல் வழியாகப் புதுக் காற்று வருமாம். எனக்கு அப்போது அவர் கைதான் தெரிந்தது, உருண்டை தெரியவில்லை.

தலைப்பிரசவத்துக்குப் பாகூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போனேன். புரட்டாசியில் பையன் பிறந்தான். பச்சை உடம்புக்காரி என்று அம்மா என் காதில் பஞ்சை வைத்து, தலையில் துணியைக் கட்டி, கதவைச் சாத்தியே வைத்திருந்தாள். காற்றுப் பட்டால் பிள்ளைக்கு ஜன்னி கண்டுவிடும் என்று ஓயாமல் பயமுறுத்தினாள். அஞ்சாம் மாசம், தையில் என்னை அழைத்துப் போக நாள் குறித்தபோது அவரிடம் கறாராகச் சொன்னேன். "அந்தச் சந்து பூரா அடைச்சாதான் புள்ளையத் தூக்கிக்கிட்டு வருவேன்." ஏதோ சொல்ல வாயெடுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, அடைச்சுடறேன்" என்றார்.

நான் போனபோது சுவர் ஷீட்டை முட்டி நின்றது. பூசி, வெள்ளையடித்து, பார்க்கவே லட்சணமாக இருந்தது. ஒரு வாரம் ஆகவில்லை, விடிகாலையில் தூளித்துணி மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. மழையே இல்லை.

"அதுக்குள்ள ஷீட்டு ஒழுகுதா?" என்று அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒழுகலடி. நீ வெந்நீர் வெக்கிற ஆவி, சோறு வடிக்கிற ஆவி, நம்ம மூச்சு, எல்லாம் மேல போயி, குளுந்த ஷீட்டுல ஒட்டிக்கிட்டு எறங்குது."

நான் நம்புவேனா? ஷீட்டு மேல் தார் பூச வைத்தேன். தார் பூசிய பிறகும் சொட்டியது.

பங்குனி வந்தது. கறுப்புத் தார் வெயிலைக் குடித்தது, உள்ளே ஏறிய சூட்டுக்குப் போக வழியில்லை. ஃபேன் போட்டால் மேலே தேங்கி நின்ற அனலைத்தான் எங்கள் மேல் தள்ளியது. பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. சித்திரையில் நெற்றியில் வேனல்கட்டி பழுத்துக் காய்ச்சலே வந்துவிட்டது. பால் குடிக்காமல் கத்தினான். "இந்த அடுப்புக்குள்ள மனுஷன் இருப்பானா? உங்க வீட்ட நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க. இதுக்கு ஒரு வழி பண்ற வரைக்கும் நானும் வரமாட்டேன், என் புள்ளையும் வராது" என்று பையைத் தூக்கினேன். பஸ் ஏற்றிவிட வந்தவர், பஸ் நகரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

அம்மாவின் ஓட்டு வீட்டில் பிள்ளை நன்றாகத் தூங்கினான். காய்ச்சல் விட்டது. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. பிளாஸ்டிக் வாடை அடிக்கும் அவர் சட்டை ஒன்று பிள்ளைத் துணியோடு சேர்ந்து வந்திருந்தது. அதைத் துவைக்காமல் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன். வெட்கக்கேடுதான், ஆனால் வேண்டியிருந்தது.

ஷிப்டு முடிந்ததும் எதிர்க்கடை போனுக்குப் பேசுவார். பிள்ளை எப்படி இருக்கிறான், நீ சாப்பிட்டாயா என்பார். கடைசியில் தயங்கித் தயங்கி அதே கேள்விதான்: "அந்த அடைப்பப் பிரிச்சுடட்டுமா?"

"பிரிச்சுட்டு? காத்தும் மழையும் புள்ள தலையில வந்து விழவா? வேற வழி பாருங்க."

"இல்லம்மா, அதான் வழி..."

நான் டக்கென்று போனை வைத்துவிடுவேன். வைத்த பிறகு, இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாமே என்று கடை வாசலிலேயே நின்று தவிப்பேன்.

வைகாசியில் ஒரு நாள் பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றிச் சாம்பிராணி காட்டினேன். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. புகை மேலே ஏறி, ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் இருந்த இடுக்குகளில் நுழைந்து காணாமல் போனது. கருவடிக்குப்பத்தில் இதே புகை ஷீட்டுக்கு அடியில் போய் நின்றால் சாயங்காலம்வரை கலையாது. அண்ணாந்து பார்த்தேன். அம்மா வீட்டுக் கூரை பூராவும் சந்துதான். அதற்குக் கீழேதான் நான் வளர்ந்தேன், என் பிள்ளையும் பிறந்த புதிதில் அங்கேதான் கிடந்தான். ஒரு தும்மல்கூட வந்ததில்லை. அடக் கடவுளே, அந்த மனுஷன் அன்றைக்கே சொன்னாரே! தூபக்காலோடு நின்று அழுதேன். "என்னாடி, பொக கண்ணுல பட்டுச்சா?" என்றாள் அம்மா. ஆமாம் என்றேன்.

மறுநாள் காலை, சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். அவர் ஷிப்டுக்குப் போயிருந்தார். சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம் இருந்தது. "அவரு எங்க உள்ள படுத்தாரு? தோ, அந்த வேப்பமரத்தடியிலதான் பாயி" என்றாள். பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். அனல் முகத்தில் அடித்தது. நடுவீட்டில் தூளி அப்படியே தொங்கியது. தூசு விழாமல் அதன் மேல் துண்டு போர்த்தியிருந்தார். மூலையில் உளியும் சுத்தியலும் இருந்தன. மேலே அடைத்த இடம் முழுக்கப் பென்சிலால் கோடு போட்டிருந்தார். கடல் பக்கத்துச் சுவரில், தரையை ஒட்டி இரண்டு கட்டம் வரைந்திருந்தார். எல்லாம் தயார். ஒரு செங்கல்லைக்கூட எடுக்கவில்லை. நான்தான் இன்னும் சொல்லவில்லையே.

முக்காலியைப் போட்டு ஏறினேன். இரண்டு மணிக்கு ஷிப்டு முடிந்து அவர் வந்தபோது நாலு செங்கல் கீழே கிடந்தது, என் தலையெல்லாம் சிமெண்ட் தூள். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"சொல்லியிருந்தா நான் பிரிச்சிருக்க மாட்டனா?"

"நீங்கதான் தெனம் கேட்டீங்களே. நான்தான் சொல்லல."

என் கையிலிருந்த உளியை வாங்கிக்கொண்டார். மேலே முடித்ததும் கீழே அந்த இரண்டு கட்டங்களையும் உடைத்து, காற்று நுழைகிற மாதிரி ஓட்டை ஓட்டையான சிமெண்ட் ஜாலி வைத்தார். உள்ளே வர வழியில்லாவிட்டால் வெளியேயும் எதுவும் போகாது என்றார். அந்த வாரமே தார் மேல் சுண்ணாம்பு அடித்தோம். பிரித்த அன்றைக்குச் சாயங்காலமே கடல்காற்று கீழே நுழைந்தது. பிள்ளை தூளியில் அயர்ந்து தூங்கினான். மன்னிச்சுக்குங்க என்ற வார்த்தை வாயில் வராமல், நான் அவர் தலைமுடியிலிருந்த தூளை எடுத்துக்கொண்டிருந்தேன்.

இன்றைக்குப் பையன் சம்பாதிக்கிறவனாகிவிட்டான், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போன மாசம் பையன் ஏசி வாங்கி வந்தான். குளிர் வெளியே போகாமலிருக்க மேலே அந்த இடைவெளியை மூட வேண்டுமாம். முக்காலியில் ஏறி நின்றுகொண்டு, தயங்கித் தயங்கி, "அடைச்சுடட்டுமாம்மா?" என்றான். அப்படியே அவர் குரல்.

"உன் ரூம மட்டும் அடைச்சுக்கோ. நடுவீட்ட விட்டுடு" என்றேன்.

அவன் இறங்கிப் போனான். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எத்தனை தரம் கேட்டார்! "பிரிங்க, நான் வர்றேன்" என்று அந்தப் போனில் ஒரே ஒரு தரம் சொல்லியிருக்கலாம். நாற்பது நாள் அவரை மரத்தடியில் படுக்க வைத்தேன். எனக்கு இப்போது அந்த நாற்பது நாள் வேண்டும்.