அப்பாவின் பூணூலும் பம்பாய்க் கணினியும்

அறுபதுகளில் செம்பூரைத் தாண்டி ஓர் ஆய்வகத்தில் எனக்குக் கணினி வேலை. ஒரு கூடத்தையே அடைத்துக்கொண்டு நிற்கும் அந்த இயந்திரம். இரண்டு பேருடைய கணக்கை ஒரே சமயத்தில் அதற்குள் ஓடவிட அப்போதுதான் ஆரம்பித்திருந்தோம்.

ஒருநாள் என் புரோகிராம் தனக்கு ஒதுக்கிய இடத்தின் எல்லையைத் தாண்டிப்போய்ப் பக்கத்தில் ஓடிய மேலதிகாரியின் கணக்கை அழித்துவிட்டது. அவர் காலையிலிருந்து காத்திருந்த கணக்கு.

"இப்படியே போனா இனிமே ஒவ்வொண்ணாத்தான் ஓடும். சின்னவாளுக்கெல்லாம் கடைசியில," என்றார். கடைசி என்றால் எனக்கு முறையே வராது.

நினைவகத்தைத் துண்டு துண்டாக்கி ஆளுக்கொரு பூட்டுப் போடலாம் என்றேன். எங்கள் மாதுங்கா வீட்டில் எல்லாப் பெட்டிச் சாவியும் அப்பாவின் பூணூலில் தொங்கும். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார். நானும் அதே மாதிரி எல்லாச் சாவியையும், மற்ற புரோகிராம்களை நடத்தும் மேற்பார்வை புரோகிராமிடம் கொடுத்துவைத்தேன். வேறு விதமாக யோசிக்கவே தோன்றவில்லை.

பூட்டுகளுக்கு மின்சுற்று அமைத்தவர் தாராவியிலிருந்து வரும் திருநெல்வேலிக் கிறிஸ்தவர். பூணூலைப் பற்றிக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"நான் வந்து உங்க பெட்டியக் காட்டி, இது என்னுதுன்னு சொன்னா? உங்கப்பா நம்பித் திறந்து குடுத்துருவாவ, இல்லியா?"

எனக்குச் சுரீர் என்றது. என் புரோகிராம் தப்பான இடத்தைக் காட்டி 'இங்கே எழுது' என்று கேட்டால், எல்லாச் சாவியும் வைத்திருக்கும் மேற்பார்வை புரோகிராம் மறுபேச்சில்லாமல் எழுதிவிடும். பூட்டுப் போட்டு என்ன பிரயோசனம்? சாவிக்கொத்தைப் பிரித்தோம். கேட்கிற புரோகிராம் தன் சாவியைக் கொண்டுவர வேண்டும். அது எந்தப் பூட்டுக்குச் சேருமோ அது மட்டும்தான் திறக்கும்.

மேலதிகாரி லேசில் நம்புகிறவர் இல்லை. தன் கணக்கை ஓடவிட்டு, பக்கத்திலேயே என் பழைய புரோகிராமை, பிழையைத் திருத்தாமல், போடச் சொன்னார். போட்டேன்.

என் புரோகிராம் எல்லைக்குப் போனது. அங்கேயே நிறுத்தப்பட்டது. பக்கத்தில் அவருடைய எண்கள் ஒன்றும் நடக்காதது போல அச்சாகிக்கொண்டே இருந்தன. அந்த இரும்பு அலமாரிகளைப் பார்த்தபடி நின்றேன். கோயிலில்கூட எனக்கு அப்படி மெய்சிலிர்த்ததில்லை.

"நீ எழுதினது உன்னையே உள்ள விடலையே," என்றார் மேலதிகாரி.

என்னை விடவில்லை. அதனால்தான் மறுநாளும் எனக்கு அங்கே முறை இருந்தது.