படகில் ஏறக் கூடாத பழம்

மனைவி மார்லிஸின் சாப்பாட்டுப் பையைப் படகுத்துறைப் பலகையில் கவிழ்த்துவிட்டு, ஓர்வில் ஹாகன் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறார். வான்கோழி சாண்ட்விச். காப்பிக் குடுவை. மெழுகுத்தாளில் சுற்றிய ரொட்டி. கடைசியில் வெறும் பையையும் உதறுகிறார்.

"வாழைப்பழம் இல்லையே?"

"கண்ணு இருக்குல்ல, பாத்துக்கோ," என்கிறார் மார்லிஸ். கல்யாணமான முப்பத்தோரு வருடமாக இதே கேள்வி, இதே பதில்.

ஹால்வர் ஏரியில் வாழைப்பழம் ஏறிய படகுக்கு மீன் கிடைக்காது என்று எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஓர்வில் சிரிக்காமல் சொல்வார். ஒருமுறை படகில் கூட வந்த பாதிரியாரின் சட்டைப்பையில் பழம் இருந்தது. அவரை ஏரி நடுவிலிருந்த பாறையில் இறக்கிவிட்டு, மதியம்வரை இவர் மீன் பிடித்தார். பாதிரியார் பழத்தைத் தின்றுகொண்டு காத்திருந்தார்.

ஓர்விலுக்குப் படகு மோட்டார் பழுது பார்ப்பது தொழில். பெட்ரோல் நெடியில் மூக்கு செத்து வெகுகாலமாகிறது. பாஸ் மீன் சிக்கினால் நெற்றியில் முத்தமிட்டு, "போயி வளந்துட்டு வாடா தங்கம்," என்று தண்ணீரில் விடுவார். பைக் மீன் அப்படியல்ல. முதலை வாய், வாய் நிறையப் பல், தூண்டில் நுனியில் எஃகுக் கம்பி கட்டாவிட்டால் நைலான் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விடும். அதன் பெயரைச் சொல்லும்போதே ஓர்வில் தொப்பியைக் கழற்றிவிடுவார்.

காரணம் உண்டு. தூண்டில் கடைச் சுவரில், ஏரியில் சிக்கிய மிக நீளமான பைக்கின் போட்டோவுக்கென்று ஒரே ஓர் ஆணி. அதில் ஒன்பது வருடமாக மார்லிஸின் தம்பி டுவேன், நாற்பத்தோரு அங்குல மீனை ஏந்திச் சிரித்துக்கொண்டிருக்கிறான். புழு வாங்கப் போகும்போதெல்லாம் ஓர்வில் சுவருக்கு முதுகைக் காட்டி நிற்பார். "அந்தச் சிரிப்ப எறக்காம நான் கண்ண மூட மாட்டேன்," என்பது அவருடைய சபதம்.

போன சனிக்கிழமை, வாய் நிறைய ரொட்டியோடு அல்லி இலைகளின் ஓரம் தூண்டிலை இழுத்து வந்தவரின் கோல் வில்லாக வளைந்தது. பன்னிரண்டு நிமிடம் மன்றாடினார். "என்ன விட்டுப் போயிடாத கண்ணே, ஒரே ஒரு போட்டோதான்," என்று அவர் கெஞ்சியதைக் கல்யாணத்துக்கு முன்புகூட மார்லிஸ் கேட்டதில்லை. வலையில் விழுந்த மீனை அளவுப் பலகையில் கிடத்தினார்கள். நாற்பத்திரண்டரை அங்குலம்.

ஓர்வில் அழுதார். இன்னொரு துண்டு ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டு, இரு கையாலும் மீனை ஏந்தி மண்டியிட்டார்.

"பாத்தியா மார்லிஸ். வாழைப்பழம் ஏறாத படகு. என் வைராக்கியம் வீண் போகல."

படமெடுக்கச் செல்போனை உயர்த்திய மார்லிஸின் கை தாழ்ந்தது. இத்தனை வருடம் நெஞ்சில் சுமந்தது, அந்தக் கண்ணீரைப் பார்த்ததும் உடைந்துபோயிற்று.

"ஓர்வில், இப்ப என்ன மெல்லுற?"

"உன் லவங்கப்பட்ட ரொட்டி."

"அதுல மூணு வாழைப்பழம் பெசஞ்சிருக்கேன். ஒவ்வொரு தடவையும். முப்பத்தோரு வருஷமா."

மென்றுகொண்டிருந்த தாடை நின்றது. தப்பிப்போன மீன்களெல்லாம் கண்ணுக்குள் வரிசையாக நீந்தின. பாறையில் உட்கார்ந்திருந்த பாதிரியாரும் வந்து போனார். பிறகு கையில் கனக்கும் பைக்கைப் பார்த்தார். மெழுகுத்தாளில் மீதமிருந்த ஒரு துண்டையும் பார்த்தார். மெதுவாக விழுங்கினார்.

"சீக்கிரம், மீனத் தண்ணில விடணும்," என்றார்.

இரு கையிலும் மீன். மார்லிஸின் பக்கம் முகத்தை நீட்டி, மீதித் துண்டைக் கண்ணால் காட்டி, அந்தப் பைக்கைப் போலவே வாயை அகலத் திறந்தார்.