கருநாக்குக்காரன்

நாக்கில் உமிக்கரியை வைத்துத் தேய்த்தால் முதலில் கரிக்கும், பிறகு எரியும், அப்புறம் இரண்டு நாளைக்குச் சோறு ருசிக்காது, அனுபவத்தில் சொல்கிறேன். பத்து வயதில் என் நாக்கின் ஓரம் மிளகளவு ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. ரெட்டிபாளையத்தில் எங்கள் தெருவில் அதற்குப் பெயர் "கருநாக்கு". அது உள்ளவன் சொன்னால், அதிலும் கெட்டதைச் சொன்னால், அப்படியே பலித்துவிடுமாம். மழை வரும் என்று நான் சொன்னால் யாரும் மதிக்கமாட்டார்கள். "ஆடு எளச்சிருக்கே" என்றால் போதும், எதிர்வீட்டுப் பெரியம்மா, "வாயக் கழுவுடா, கருநாக்குப் பயலே" என்று விளக்குமாற்றோடு வந்துவிடுவார். எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

அக்கா பத்தாம் வகுப்பு முடிவுக்குக் காத்திருந்த வாரத்தில் அந்தப் பெருமை செத்தது. என் பங்கு நுங்கையும் அவளே தின்றுவிட்ட ஆத்திரத்தில், "நீ பெயிலாத்தான் போவ" என்று கத்திவிட்டேன். பெயிலானால் படிப்பை நிறுத்திவிடுவதாக அப்பா முன்பே சொல்லியிருந்தார். அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. புள்ளியை அழித்துவிட்டால் வாக்கும் செல்லாது என்று முடிவுகட்டி, மூன்று நாள் கொல்லையில் ஒளிந்து உட்கார்ந்து உமிக்கரியால் தேய்த்தேன். கரியால் கறுப்பைப் போக்கப் பார்த்த மேதை நான்.

நான்காம் நாள் அரியலூரிலிருந்து பேப்பரோடு வந்த அப்பா அதைத் திண்ணையில் விரித்துப் போட்டார். தேறியவர்களின் எண்களில் அக்காவின் எண் இல்லை. "நான்தாம்பா பெயிலாக்கிட்டேன், அக்காவ நிறுத்தாதீங்க" என்று அழுதபடி நாக்கை நீட்டினேன். அது அடுப்படிச் சுவர் மாதிரி இருந்ததாம். ஒரு கணம் முறைத்த அப்பா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அழுதுகொண்டிருந்த அக்கா என் தலையில் குட்டி, "லூசு, கணக்குப் பரீட்சைல வெறுந்தாளக் குடுத்துட்டு வந்தது நானு. ஒன் நாக்கா வந்து எழுதுச்சு?" என்றாள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, இன்னொரு தரம் எழுதட்டும். அதுவரைக்கும் இவன் வாயத் தொறக்கக் கூடாது" என்றார். அக்டோபரில் அக்கா தேறினாள்.

இன்று அப்பா இல்லை. கருநாக்கு என்று என்னைத் திட்டவும் தெருவில் ஆளில்லை. பிள்ளைகளைக் கேட்டால் அப்படியென்றால் என்ன என்கிறார்கள். போன வாரம் மகள் பரீட்சைக்குக் கிளம்பியபோது வாசலில் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றேன்.

"ஏம்ப்பா, நல்லா எழுதுன்னுகூட சொல்ல மாட்டீங்களா?"

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, பல்வலி என்று சைகை காட்டினேன்.