ஐந்து பாரமான மனிதர்கள்

எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வாகனத்தில் ஏறுவதற்கு என் மனைவி புவனாவுக்கு ஒரு முக்காலி தேவைப்படுகிறது. முக்காலியைப் போட்டு, என் தோளைப் பிடித்து, முருகா என்று ஒருமுறை சொல்லி ஏறினால் இருக்கையை அடையலாம். இறங்குவது வேறு கதை. வாகனம் எங்கள் மகள் தாரணியுடையது. நல்ல பிக்கப் ஒன்றை வாங்கி, அதில் கம்பனிக்காரன் பூட்டியிருந்த நல்ல பாகங்களையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டாள். முன்னும் பின்னும் இருந்த அச்சுகளுக்குப் பதிலாகத் தடித்த அச்சுகள், பாரம் தாங்கும் வில்லுகளுக்குப் பதிலாக உயர்ந்த வில்லுகள், என் இடுப்பு உயரத்துக்கு ரயர்கள். எதற்கென்று கேட்டேன். வீதி இல்லாத இடங்களுக்குப் போவதற்காம். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிக்கக்கூடாது. இங்கே அல்பேர்ட்டாவில் விடிவதற்கு முன்னரே பனியை வழித்து, உப்புப் போட்டு, வீதியைத் துடைத்து வைக்கிறார்கள். இந்தப் பிள்ளைகள் சனிக்கிழமை வந்ததும் அந்த வீதியை விட்டுவிட்டுச் சேற்றைத் தேடிக்கொண்டு காட்டுக்குள் போகிறார்கள். நாங்கள் அரை ஆயுளைக் குழியும் கிடங்குமாகக் கழித்துவிட்டு வந்த ஆட்கள். வலியப்போய்க் கிடங்கைத் தேடும் விளையாட்டு எனக்கு விளங்க நாளெடுத்தது.

வாகன வேலை முடிந்த அன்று தாரணி என்னையும் கராஜுக்குக் கூட்டிப் போனாள். பிராட் என்ற மெக்கானிக் என்னை ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, எப்படியிருக்கிறது என்று மரியாதையாகக் கேட்டான். வெறும் வாகனமாக இருப்பதால் பின்பக்கம் கொஞ்சம் உதைக்கிறது என்று சொன்னேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் ஊரில் இப்படி உதைத்தால் நல்ல பாரமான ஆட்களைப் பார்த்துப் பின்னால் ஏற்றுவோம் என்றும், உங்களைப் போன்ற ஒருவர் கிடைத்தால் பெரும் அதிர்ஷ்டம் என்றும் என்னுடைய ஆங்கிலத்தில் விளக்கினேன். பிராட் உண்மையாகவே நல்ல கனதியான மனிதன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, இந்த மாகாணத்தில் வாகனத்தின் பின்தட்டில் ஆட்களை ஏற்றுவது சட்டவிரோதம் என்று தணிந்த குரலில் சொன்னான். தாரணி என் காலை மிதித்தாள். வெளியே வந்ததும், இந்த நாட்டில் ஒருவருடைய உடம்பைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்று எனக்குப் பாடம் எடுத்தாள். நான் அவனைக் கேலி செய்யவில்லை. என்னிடம் இருந்த ஆகப் பெரிய பாராட்டைத்தான் அவனுக்குக் கொடுத்திருந்தேன்.

இங்கே வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்னர் நாங்கள் நிலாவெளிக்கு அப்பால் கும்புறுப்பிட்டியில் இருந்தோம். சண்டை மூண்டும் தணிந்தும் நடந்த காலம். வீதி போட ஒருவரும் வருவதில்லை, வீதியைக் கிண்டத்தான் ஆள் வரும். ஊரில் ஒழுங்காக ஓடிய வாகனம் மீன் வியாபாரி ரவூப் நானாவின் பிக்கப் ஒன்றுதான். புல்மோட்டையிலிருந்து மீன்பெட்டிகளை ஏற்றிப் பட்டினத்துக்குக் கொண்டு போகிறவர். குழிகளுக்கு ஈடுகொடுக்க வேண்டுமென்று, கந்தளாயில் கழித்துவிட்ட லொறி ஒன்றின் வில்லுத் தகடுகளை வாங்கித் தன் வாகனத்தின் தகடுகளுக்குக் கீழே அடுக்கிப் பூட்டியிருந்தார். பின் அச்சு ஒரு பழைய ஜீப்பினுடையது. அந்த ஜீப் ஆருடையது என்று கேட்டால் அவருக்குத் திடீரென்று காது கேட்காமல் போய்விடும். முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் உயர்ந்து, தண்ணீர் குடிக்கக் குனிந்த மாடு போல அந்த வாகனம் நிற்கும். மீன்பெட்டிகளை நிறைய ஏற்றினால் தொட்டில் மாதிரிப் போகும். வெறுமையாக ஓடினால் ஏறியிருக்கிறவரின் பல் ஆடும்.

புவனாவுக்கு எட்டாம் மாதம் முடிகிற நேரம், ஒரு மத்தியானம் இரத்தம் காட்டத் தொடங்கியது. மருத்துவிச்சி வந்து பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார். பிள்ளைக்கு முன்னால் மாசு என்கிற நஞ்சுக்கொடி வந்து வழியை மறித்துக் கிடக்கிறது, பட்டினத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் மட்டும் இரண்டு உயிரும் தப்பும் என்றார். "சுணங்கவும் கூடாது, குலுக்கவும் கூடாது" என்று இரண்டு தரம் சொன்னார். ரவூப் நானாவின் வீட்டுக்கு ஓடினேன். கடலுக்குப் போகத் தடை போட்டிருந்த கிழமை அது. பிக்கப் வெறுமையாக நின்றது. அவர் உடனே பிக்கப்பின் திறப்பைக் கையில் எடுத்தார். பிறகு வாகனத்தின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"தம்பி, வெறும் பிக்கப் கழுத மாதிரி உதைக்கும். தங்கச்சி தாங்க மாட்டா. பின்னால பாரம் இருந்தாத்தான் வில்லு அமரும்" என்றார்.

என்ன பாரத்தை ஏற்றுவது? மணல் மூட்டை என்றால், வழியில் மறித்துச் சோதிக்கும் ஆமிக்காரர், ஆருக்குப் பங்கர் கட்டப் போகிறீர்கள் என்று கேட்பார்கள். நெல் மூட்டை என்றால் ஒவ்வொன்றாக இறக்கிக் கம்பியால் குத்திப் பார்த்து முடிய இருண்டுவிடும். அவர்களுடைய சென்றியில் அதிக நேரம் எடுக்காத சரக்கு மனிதர் மட்டும்தான். அடையாள அட்டையைக் காட்டி, கையைத் தூக்கி இறக்கினால் விட்டுவிடுவார்கள். ஆகவே மனிதரை ஏற்றுவதென்று முடிவாயிற்று.

செய்தி பரவியதும் ஊர் கூடிவிட்டது. ரவூப் நானா வாசல் படலையில் நின்று ஆட்களை மேலும் கீழும் பார்த்துத் தெரிந்தார். என் மைத்துனன் கணேசன் முதல் ஆளாகப் பாய்ந்து ஏறினான். உன்னை ஏற்றுவதும் ஒரு குடையை ஏற்றுவதும் ஒன்றுதான் என்று அவனை இறக்கிவிட்டார். கூடப்பிறந்தவளுக்கு உதவ முடியாமல் போன கோபத்தில் அவன் அன்று சாப்பிடவில்லையாம். கூட்டுறவுக் கடை மனேச்சர் சம்பந்தர் ஒரு கதிரைக்குள் அடங்காத மனிதர். அதற்காகவே கலியாண வீடுகளுக்குப் போகக் கூச்சப்படுகிறவர். அவரைப் பேர் சொல்லி அழைத்தபோது சேர்ட்டைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை போல் வந்தார். அவருடைய மனைவி பூமணியக்கா அவருக்குச் சளைத்தவர் அல்ல. இன்னும் மூன்று பேர் சேர்ந்தார்கள். ஐந்து பேரும் ஏறி உட்கார, வில்லுகள் முனகிக்கொண்டு அமர்ந்தன. பட்டினத்துப் பக்கம் போனால் திரும்பி வருவது நிச்சயமில்லாத காலத்தில், எடை இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஐந்து பேர் எங்களுக்காக ஏறினார்கள். 

புவனாவை முன்னிருக்கையில் என்மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். பின்கண்ணாடி எப்போதோ உடைந்துபோனதால் பின்னால் நடக்கும் கதையெல்லாம் எங்களுக்குக் கேட்டது. பூமணியக்கா புருசனை நடுவுக்கு வரச் சொல்லி ஏசினார். வாகனம் இடப்பக்கம் சரிகிறதென்று ஒருவர், நீ வலப்பக்கம் வந்தால் சரிவராதா என்று இன்னொருவர். நிலாவெளி தாண்டும்வரை சண்டை ஓயவில்லை. குழிகள் வந்தன, போயின. பெரிதாக ஒன்றும் எங்களை வந்து சேரவில்லை.

சாம்பல்தீவுச் சென்றியில்தான் வினை காத்திருந்தது. வாகனம் வேகமாக வரக்கூடாதென்று வீதிக்குக் குறுக்கே மண்மேடுகள் வைத்திருந்தார்கள். அந்தத் துண்டை வாகனம் தனியாகக் கடக்க, ஆட்கள் இறங்கி நடக்க வேண்டும். அதுதான் சட்டம். காவலுக்கு நின்ற இளம் சிப்பாய் ஐந்து பேரையும் பார்த்துத் திகைத்துப் போனான். எல்லாரும் ஏன் இவ்வளவு பெரிய ஆட்கள் என்று ரவூப் நானாவிடம் சிங்களத்தில் கேட்டான். அவர் வில்லைக் காட்டி, அச்சைக் காட்டி, புவனாவைக் காட்டி விளக்கினார். சொல்லச் சொல்ல அவனுக்குச் சந்தேகம் கூடியது. முன்னால் வந்து பார்த்தான். நோயாளியும் நானும் இருக்கலாம் என்று கையைக் காட்டினான். மற்றவர்களிடம் திரும்பி, "எல்லாம் இறங்கு. நட" என்று தெரிந்த தமிழில் சொன்னான்.

இறங்கினார்கள். வாகனத்தின் பின்பக்கம் மெல்ல எழும்புவதை என் முதுகால் உணர்ந்தேன். முன்னால் மண்மேடுகள் தெரிந்தன. புவனாவின் கை என் கையில் சில்லிட்டுப் போயிருந்தது. இதிலேயே இரண்டு பேரையும் இழக்கப் போகிறேன் என்று நினைத்தேன். கும்பிடக்கூட எனக்கு ஒரு சாமியின் பெயர் வரவில்லை.

திடீரென்று பின்பக்கம் மறுபடி தாழ்ந்தது. திரும்பிப் பார்த்தேன். சம்பந்தர் பின்கதவில் இரண்டு கையையும் ஊன்றி, தன் உடம்பு முழுவதையும் அதில் சாய்த்தபடி நடந்துகொண்டிருந்தார். பூமணியக்கா ஒரு மூலையில், மற்றவர்கள் இரண்டு பக்கத்திலும் தொங்காக் குறையாக. கால்கள் மட்டும் சட்டப்படி நிலத்தில் நடந்தன. சிப்பாய் துவக்கைத் தூக்கிக் கத்தினான். சம்பந்தர் தலையைத் திருப்பவில்லை.

"நடக்கச் சொன்னவர், நடக்கிறம். கையை எங்கை வைக்கிறதெண்டு அவர் சொல்லேல்லையே" என்றார்.

அவன் சுடவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், துவக்கைச் சம்பந்தரின் முதுகுக்கு நேரே பிடித்தபடி கூடவே நடந்து வந்தான். ரவூப் நானா எறும்பு ஊர்கிற மாதிரி வாகனத்தை விட்டார். ஒவ்வொரு மேட்டிலும் ஐந்து பேரும் மூச்சைப் பிடித்து அழுத்தினார்கள். கடைசி மேட்டைக் கடந்ததும் அவர்கள் ஏறிக்கொண்டார்கள். பூமணியக்கா விட்ட இடத்திலிருந்து புருசனை ஏசத் தொடங்கினார். அன்று பின்னேரம் தாரணி பிறந்தாள். சென்றி பூட்டிவிட்டதால் ஐந்து பேரும் பட்டினத்தில் ரவூப் நானாவின் தங்கை வீட்டில் தங்கினார்கள். அந்தத் தங்கை மூன்று முறை உலை வைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

சம்பந்தர் பின்னர் படகேறி இராமேஸ்வரம் போனார். அங்கே அகதி முகாமிலேயே காலமானார். பூமணியக்கா மகனோடு பாரிசில் இருக்கிறார். மற்ற மூன்று பேரில் இரண்டு பேருடைய முகவரி எனக்குத் தெரியாது. ஒருவர் இல்லை. ரவூப் நானா மட்டும் நிலாவெளிப் பக்கம் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

போன சனிக்கிழமை தாரணி எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு மலைப்பக்கம் போனாள். தார் முடிந்தது, கிரவல் முடிந்தது, பிறகு கல்லும் ஓடைத் தண்ணீரும்தான். வீதி இல்லாத இடமென்று அவள் சொன்னது பொய்யில்லை. பிராட் பின்பக்கத்தைத் திருத்திக் கொடுத்திருந்தான். தண்ணீர் போத்தலில் தண்ணீர் தளும்பவில்லை. எப்படி அம்மா என்று பெருமையோடு கேட்டாள்.

புவனா தளும்பாத அந்தப் போத்தலைப் பார்த்தாள். பிறகு, "நல்லா இருக்கு பிள்ளை. சத்தமில்லாமல் இருக்கிறதுதான் பயமாய்க் கிடக்கு" என்றாள். அன்று நிலாவெளி வீதியில் கண்ணை மூடிக் கிடந்தபோது, பூமணியக்கா ஏசுவது காதில் விழும் வரைக்கும் நான் சாகமாட்டேன் என்று நினைத்துக்கொண்டு வந்தனான் என்று சொன்னாள். இத்தனை வருடத்தில் எனக்கும் அவள் சொல்லாத கதை.

தாரணி சிரித்துக்கொண்டு அடுத்த பாறையில் வாகனத்தை ஏற்றினாள். அவளுடைய கண் முன்னாலே இருந்தது, அப்படித்தான் இருக்க வேண்டும். புவனா மெல்லத் திரும்பிப் பின்கண்ணாடியைப் பார்த்தாள். நானும் திரும்பினேன். பின்தட்டில் ஒருவரும் இல்லை. வாகனம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தோம்.