ஆறு மணி பஸ்ஸும் யோகேஸ்வரி அவர்களும்

பெரியோர்களே, சகோதரிகளே, நான் இப்போது சொல்லப்போவதை உங்களில் ஒருவர்கூட நம்பமாட்டீர்கள் என்று என் குலதெய்வத்தின் மேல் ஆணையிட்டு ஆரம்பிக்கிறேன். நம்பிவிட்டால் எனக்குத்தான் அவமானம்.

செய்தி வந்தபோது கோத்தகிரி சலூனில் ஒரு கன்னம் மழித்து, மறு கன்னம் நுரையோடு, யோகேஸ்வரி அவர்களைப் பற்றித்தான் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் உதைத்த பந்து ஒன்று கீழ் கோத்தகிரியில் புறப்பட்டு பர்லியார் பழப்பண்ணையில் போய் இறங்கியது, அங்கிருந்த காவல்காரர் அதைப் பலாப்பழம் என்று எடுத்து உள்ளே வைத்துவிட்டார். நடுவில் இரண்டு மலை இருக்கிறதுங்களே என்றார் சலூன்காரர். அது பந்துக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும் என்றேன். அப்போது போன் அடித்தது. என் அக்கா ராசம்மா.

“போயிட்டாடா தம்பி.”

அவ்வளவுதான். சலூன்காரருக்கு ஒன்றும் தெரியாது. அவர் இன்னும் பலாப்பழத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

யோகேஸ்வரி அவர்கள் என் அக்கா மகள். முப்பத்திரண்டு வயது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் ஏழு மாதம் ரத்தப் புற்றுநோயோடு மல்லுக்கட்டினார். தோளில் தூக்கித் திரிந்த பிள்ளையை ‘அவர்கள்’ போட்டு எழுதப் பேனா கூச்சப்படுகிறது. ஆனாலும் எட்டு வருஷம் சம்பளத்துக்குக் கால்பந்தாடிய ஃபார்வர்டு அவர். எங்கள் தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளிலிருந்து வெளியூர் போய்ப் பெயர் சொல்ல வைத்தவர் வேறு யாரும் இல்லை. மரியாதை குறைத்தால் பிரம்மனே கேட்பான்.

எங்கள் எஸ்டேட்டில் சமதளம் என்றால் கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்கு முன்னால் இருக்கிற இடம் ஒன்றுதான். அதற்குக் கீழே தேயிலைச் சரிவு, சரிவுக்குக் கீழே ஓடை, ஓடையில் காட்டெருமை. மொத்தமாக ஒரே ஒரு பந்து. எனவே அந்தக் கிரவுண்டுக்கு ஒரே ஒரு சட்டம்: யார் உதைத்துப் பந்து சரிவில் போகிறதோ, அவரே போய் எடுத்து வர வேண்டும். சின்னவர் பெரியவர் கிடையாது. கால் முழுக்க அட்டைக்கடியோடு யோகேஸ்வரி அவர்கள் அந்தச் சரிவில் ஏறி இறங்கியதைக் கூட்டினால் இமயமலை சின்னதாகிவிடும். அப்படி இறங்கி இறங்கித்தான் பந்தைக் கணுக்கால் உயரத்துக்கு மேல் கிளப்பாத அந்த அடி அவருக்கு வந்தது. அந்த அடி போன வழியில் புல் இரண்டு வாரத்துக்கு எழுந்து நிற்காது.

பிறகு தேயிலை விழுந்தது. கொழுந்துக்கு விலை இல்லை. பறிக்காமல் விட்ட செடி மரமாகப் போனது. ஃபேக்டரி வாரத்தில் இரண்டு நாள்தான் ஓடியது. அங்கே லாரி ஓட்டிய நான் மற்ற ஐந்து நாளும் ஜமீன்தார்.

எஸ்டேட்டில் ஆள் குறைக்கத் தொடங்கினார்கள். வீட்டுக்கு ஒருவர் பேராவது வேலையில் இருந்தால்தான் லயத்து வீடு. பத்து நாளுக்கு மேல் வராதவர் பேர் வெட்டப்படும், பேர் போனால் ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அக்காவுக்கு முழங்கால் போய் வேலையை விட்டிருந்தார். அத்தான் எப்போதோ காலமானார். ஃபேக்டரி ஆளான என் பேர் எஸ்டேட் கணக்கில் சேராது. அந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே பேர் யோகேஸ்வரி.

அந்த நேரம் பார்த்துத்தான் மலைக்கு அந்தப் பக்கம் மலையாளக் கரையில் ஒரு கிளப் அவரைப் பத்து நாள் வந்து ஆடிக் காட்டச் சொன்னது. பிடித்தால் ஒப்பந்தம், இல்லாவிட்டால் நன்றி வணக்கம். எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் லீவு எழுதும்போது தலையை நிமிர்த்தவே இல்லை. பதினோராவது நாள் காலையில் பெரட்டில் ஆள் கூப்பிடும்போது நிற்காவிட்டால் பேர் இருக்காதும்மா, என்னைக் குறை சொல்லாதே என்றார். அக்கா அழவில்லை. மகளுக்கு இட்லி கட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். “கூடப் போற இல்ல, பத்தாம் நாள் பஸ் ஏத்திக் கூட்டிட்டு வந்துரு. கதை அளந்துட்டு நின்னுடாத.”

சத்தியமாக என்றேன். அப்போது உண்மையாகத்தான் சொன்னேன்.

பத்தாம் நாள் மாலை கடைசி மேட்ச். கிரவுண்டு மதிலுக்குப் பின்னால்தான் பஸ் ஸ்டாண்டு. ஆறு மணிக்கு கூடலூர் வழியாக ஊட்டி பஸ். அதைப் பிடித்தால்தான் மறுநாள் பெரட்டுக்குப் போய் நிற்கலாம். அந்த மேட்சில் யோகேஸ்வரி அவர்கள் ஏழு கோல் அடித்ததாகப் பல டீக்கடைகளில் சொல்லியிருக்கிறேன். துக்க நாள் என்பதால் மூன்று என்று வைத்துக்கொள்வோம்.

நடந்தது இதுதான். கடைசிக் கால்மணி நேரத்துக்கு அவரை இறக்கினார்கள். கோச்சம்மா, ஆறடி உயரம், கோட்டுக்கு வெளியே நின்று மேலே அடி மேலே அடி என்று கத்தினார். வாழ்க்கையில் முதல் தடவையாக யோகேஸ்வரி அவர்கள் பந்தை மேலே அடித்தார். அது கோல் கம்பத்துக்கு மேலே பறந்தது. பறந்த மறு நொடி இவரும் கிளம்பிவிட்டார். கோல் கம்பத்தைத் தாண்டி, விளம்பரப் பலகையைத் தாவி, கேலரிப் படிக்கட்டுக்குக் கீழே புகுந்து, உதைத்த பந்தை எடுத்துவர ஓடுகிறார்! பந்து எடுத்துப் போட அங்கே ஆறு பேர் நிற்பது அவர் கண்ணில் படவில்லை. வேறு பந்தைப் போட்டு ஆட்டம் நடக்கிறது. எங்கள் பக்கம் பத்து பேர். எதிராளி அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் தெறித்தது. கக்கத்தில் பந்தோடு இவர் மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது நடுவர் மஞ்சள் அட்டையோடு காத்திருந்தார். கேலரி முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஆட்டம் முடிந்தபோது ஐந்தே முக்கால். கோச்சம்மாவும் கிளப்காரர்களும் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். பிள்ளைகளெல்லாம் வெளியே படியில் உட்கார்ந்திருந்தார்கள். யோகேஸ்வரி அவர்கள் மட்டும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“மாமா, போலாங்க. இதுக்கு மேல இங்க கேக்க என்ன இருக்கு? பேராச்சும் நிக்கட்டும்.”

அவர் சொன்னது நியாயம். பத்து நிமிஷத்தில் பஸ். ஆனால் ஒன்றை நான் பார்த்திருந்தேன். அவர் பலகையைத் தாவி ஓடியபோது அந்தக் கிரவுண்டில் சிரிக்காத இன்னொருவர் கோச்சம்மா. அது கோபமா வேறேதுமா, எனக்கு எப்படித் தெரியும்? கதவு திறக்குமா, திறந்தால் என்ன சொல்வார்கள், எதுவும் தெரியாது. தெரிந்ததெல்லாம் அக்காவின் முழங்காலும், காலி செய்ய வேண்டிய வீடும், நான் செய்த சத்தியமும்தான்.

“பஸ் போயிருச்சு புள்ள” என்றேன். “இன்னைக்கு முன்னாடியே எடுத்துட்டானாம். இப்பத்தான் பாத்துட்டு வந்தேன்.”

அவர் என்னைப் பார்த்தார். அந்த நேரம் மதிலுக்கு அப்பால் ஹார்ன் இரண்டு தடவை அடித்தது. லாரி என்றேன். முப்பது வருஷம் லாரி ஓட்டியவன் சொன்னால் மறுபேச்சு உண்டா? சரிங்க மாமா என்று பையை இறக்கிப் படியில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்காரவில்லை. மதில் பக்கம் அவர் பார்வை போகாதபடி மறைத்துக்கொண்டு நின்றேன்.

ஆறேகாலுக்குக் கதவு திறந்தது. கோச்சம்மா நேரே இவரிடம் வந்து, பந்துக்குப் பின்னால் எதற்கு ஓடினாய் என்று கேட்டார். எங்க ஊர்ல உதைச்சவங்கதாங்க எடுக்கணும் என்று தரையைப் பார்த்துச் சொன்னார் யோகேஸ்வரி. கோச்சம்மா தலையாட்டினார்.

“இங்கே அதுக்கு ஆளுண்டு. நீ நாளைக்குக் காலம்பற ஆறு மணிக்கு வா.”

மறுநாள் காலை இங்கே பயிற்சிக்கு விசில் அடித்தபோது, அங்கே பெரட்டில் பேர் வெட்டப்பட்டது. ஒரு மாதத்தில் வீடு போனது. கோத்தகிரியில் மகள் வாடகைக்குப் பிடித்துக் கொடுத்த வீட்டுக்குக் குடிவந்த பிறகும், அக்கா ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. தட்டில் சோறு மட்டும் போட்டார்.

எட்டு வருஷத்தில் யோகேஸ்வரி அவர்கள் நான்கு கிளப்புக்கு ஆடினார். பிறகு அவருக்கும் முழங்கால் போயிற்று, அம்மா சொத்து. அவர் அடித்த கோல்களை நான் ஆயிரத்துச் சொச்சம் என்று சொல்லிவருகிறேன். ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம், ரத்தம் ஏறிக்கொண்டிருந்தபோது, சரியான எண்ணிக்கை எவ்வளவு புள்ள என்று கேட்டேன். நீங்க சொல்றதையே நானும் சொல்லிட்டேன், இனி மாத்த வேணாங்க என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்:

“அன்னைக்கு அது பஸ்ஸுதான் மாமா. கண்டக்டர் கூடலூர், ஊட்டின்னு கத்துனது எனக்கும் கேட்டுச்சு. நீங்க அவ்வளவு பயந்து பொய் சொல்லி நான் பாத்ததே இல்ல. அதான் உக்காந்துட்டேன்.”

பலாப்பழம் பொய். இமயமலை பொய். மூன்று கோலும் பொய், அன்று ஒரு கோல்கூட இல்லை. படுத்த புல் மறுநாளே எழுந்துவிட்டது. அந்தப் பஸ் நின்றுகொண்டிருந்தது மட்டும் நிஜம். நிற்கிறது என்று தெரிந்தே என் பக்கத்தில் அவர் உட்கார்ந்தார்.

போய் வா, புள்ள.